கையால் கட்டிய வால்வு ஆம்ப்: சத்தத்தை வைத்துப் பிழை தேடுவது

புதிதாகக் கட்டிய கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டாரின் சிக்னலைக் கண்ணாடி வால்வுகளால் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் பெட்டி, ஸ்விட்சைப் போட்டவுடனே ஒழுங்காகப் பாடிவிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அது எப்போதாவது நடப்பது. பெரும்பாலும் உறுமும், இல்லை வீல் என்று கத்தும், இல்லை பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி பேசாமல் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் கை தானாகப் போய் ஒரு வால்வைப் பிடுங்கி வேறொன்றைச் செருகப் பார்க்கும். கொஞ்சம் பொறுங்கள். பத்து இருபது வருடம் ஓடிக் களைத்த ஆம்ப் என்றால் வால்வையும் கண்டென்சரையும் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. நேற்று ராத்திரி ஈயம் வைத்து முடித்த ஆம்ப்பில் தப்பு பெரும்பாலும் பாகத்தில் இருக்காது, நம் கையில்தான் இருக்கும். ஒரு பின் தள்ளிப் போன ஒயர், நிறத்தைப் பார்த்து ஏமாந்த ரெசிஸ்டர், சரியாகப் பிடிக்காத ஒரு ஈயப் பொட்டு. பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் அந்தத் தப்பு அப்படியே இருக்கும், கூடவே புதிதாக இரண்டு சேரும்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரு சுற்றை மனதில் வைத்துக்கொள்வோம். 1950களில் வந்த ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 என்ற சுற்று. மூன்றே வால்வு: சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி), ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு 6வி6, ஏசியை டிசியாக்கும் 5ஒய்3 ரெக்டிஃபையர், அவ்வளவுதான். இதைவிடச் சின்னதாக ஒரு உருப்படியான ஆம்ப் கட்டுவது கஷ்டம். பெரிய ஆம்ப்புகளில் வால்வுகள் கூடும், ஆனால் தேடும் முறை மாறாது. மார்ஷலின் ஜேடிஎம்45 கூட ஃபெண்டர் பேஸ்மேன் சுற்றைப் பார்த்துக் கட்டியதுதான். எல்லாம் ஒரே குடும்பம்.

உள்ளே கை வைப்பதற்கு முன்

சாம்ப் மாதிரிச் சின்ன ஆம்ப்பிலேயே எச்.டி. வோல்டேஜ், அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர்ந்த டிசி வோல்டேஜ், 300 முதல் 360 வரை இருக்கும். சிலர் இதை பி பிளஸ் என்பார்கள். பெரியவற்றில் 450ஐத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் இந்த வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். ‘அணைத்துவிட்டேனே’ என்று கை வைத்தவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரண்டு முனைக்கும் நன்றாக உறையிட்ட கிளிப் ஒயர் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு முனையைச் சாசியில் (எல்லாம் திருகியிருக்கும் உலோகச் சட்டம்) மாட்டி, அப்புறம் இன்னொரு முனையை கண்டென்சரின் பிளஸ்ஸில் வையுங்கள். சில நொடி கழித்து மீட்டரில் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கை. ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு டப்பென்று ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம், அது கண்டென்சருக்கும் கெடுதல்.

கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டி வரும், அதைத் தவிர்க்க முடியாது. மைனஸ் புரோபைச் சாசியில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, ஒரே கையால் மற்றப் புரோபைப் பிடியுங்கள். இன்னொரு கை பாக்கெட்டில். எர்த் ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள், உறுமல் குறைகிறது என்றாலும் சரி. ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பைப் போடாதீர்கள். சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் கிளம்பும் வோல்டேஜ் அதன் சுருளையே துளைத்துவிடும்.

இன்னொன்று, சீரிஸ் பல்பு. ஆம்ப்புக்குப் போகும் மெயின் லைனில் 40 அல்லது 60 வாட் இழை பல்பு ஒன்று தொடராக. எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப்புக்குப் போக வேண்டிய வோல்டேஜைத் தானே விழுங்கிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். வேறு எந்தக் கருவி இல்லாவிட்டாலும் இது இல்லாமல் நான் புது ஆம்ப்பைப் போடுவதில்லை.

ஃபியூஸ் போகிறது, அல்லது பல்பு பளிச்சென்று எரிகிறது

எல்லா வால்வையும் கழற்றிவிட்டு சீரிஸ் பல்பில் போடுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி மங்கிவிட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் ஒயர்களும் நலம். வால்வே இல்லாதபோதும் பல்பு பளிச்சென்று எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித்தான் பிழை. டிரான்ஸ்ஃபார்மரே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதன் செகண்டரி ஒயர்களை, அதாவது வெளியே வோல்டேஜ் தரும் பக்கத்து ஒயர்களை, ஒவ்வொரு ஜோடியாகக் கழற்றி, முனைகளை மூடிவைத்துப் போட்டுப் பாருங்கள். எந்த ஜோடியைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அங்கேதான் ஷார்ட். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் சிவப்பு எச்.டி.க்கு, பச்சை 6.3 வோல்ட்டுக்கு, மஞ்சள் 5 வோல்ட்டுக்கு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே நிறம் வைப்பதில்லை. கூட வந்த தாளைப் பாருங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

இந்த 5 வோல்ட் சுருள் ஒரு கண்ணி. 5ஒய்3ல் சூடாகும் இழையான ஃபிலமென்ட்டும், எலக்ட்ரானை வெளியே விடும் கேத்தோடும் ஒன்றுதான். ஆகவே பின் 2, பின் 8 இரண்டுமே எச்.டி. வோல்டேஜில் மிதக்கும், அந்த 5 வோல்ட் சுருளும் சேர்ந்து மிதக்கும். 6.3 சுருளின் நடு முனையை எர்த் செய்கிற பழக்கத்தில் இதையும் எர்த் செய்துவிட்டால் எச்.டி. முழுவதும் தரைக்குப் போகும். ரெக்டிஃபையர் சூடானதும் ஃபியூஸ் போகும்.

டிரான்ஸ்ஃபார்மர் சரி என்றால் ரெக்டிஃபையரை மட்டும் செருகுங்கள். அது சூடாகி எச்.டி. ஏறும்போது பல்பு கொஞ்சம் ஒளிர்ந்து மறுபடி மங்க வேண்டும். மங்காமல் நின்றால் ஃபில்டர் கண்டென்சர் தலைகீழாக இருக்கிறதா, எச்.டி. ஒயர் எங்காவது சாசியைத் தொடுகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் 6வி6. அதைப் போட்டதும் பல்பு எரிந்தால் கீழே ‘பிளேட் சிவக்கிறது’ பகுதிக்குப் போங்கள். கடைசியாக 12ஏஎக்ஸ்7. ஃபியூஸ் போகக் காரணம் அதுவாக இருந்து நான் பார்த்ததில்லை.

சீரிஸ் பல்பு மாட்டியிருக்கும்போது ஆம்ப்புக்கு முழு வோல்டேஜ் கிடைக்காது. அந்த நிலையில் எடுத்த அளவை வைத்து பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்ட்டை நிறுத்தும் அமைப்பு, சரியா என்று முடிவு செய்யாதீர்கள்.

சத்தமே இல்லை

முதலில் கண்ணால் பாருங்கள். வால்வுகளின் ஹீட்டர், அதாவது உள்ளே கேத்தோடைச் சூடாக்கும் இழை, ஒளிர்கிறதா? 12ஏஎக்ஸ்7ன் ஹீட்டரை 6.3 வோல்ட்டில் ஓட்ட 4, 5 இரண்டு பின்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு ஒயர், பின் 9க்கு இன்னொரு ஒயர். ஈஎல்84 என்ற பவர் வால்வை வைத்துக் கட்டிப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் அதற்கும் ஒன்பது பின்தான், ஆனால் ஹீட்டர் வெறும் 4க்கும் 5க்கும் இடையில். அதே மாதிரி 12ஏஎக்ஸ்7க்கும் போட்டால் இரண்டு பாதி ஹீட்டரும் தொடராகி, 12.6 வேண்டிய இடத்தில் 6.3 மட்டும் கிடைக்கும். வால்வு செத்தும் சாகாமல் மங்கலாக ஒளிரும். சத்தம் வராது, வந்தாலும் தொண்டை கட்டின மாதிரி வரும். இருட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும்.

அடுத்த கேள்வி, பின்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினீர்கள்? ஒயர் செய்யும் அடிப்பக்கத்திலிருந்து, இடைவெளியில் தொடங்கி, கடிகாரச் சுற்றில் 1, 2, 3. மேலிருந்து எண்ணினால் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிவிடும். எட்டுப் பின் சாக்கெட்டில் நடுவிலுள்ள சாவிப் பள்ளம்தான் தொடக்கம். நான் ஒரு தடவை 6வி6 சாக்கெட்டைப் பள்ளம் திரும்பிய பக்கத்தைக் கவனிக்காமல் திருகிவிட்டு, படத்தில் இருந்த திசையை நம்பியே ஒயர் செய்து முடித்தேன். எல்லா ஒயரும் அழகாக, இரண்டு பின் தள்ளி.

இது இரண்டும் சரியா? அப்படியானால் மீட்டர். சாம்ப்பில் 6வி6ன் பின் 3 பிளேட் (கேத்தோடிலிருந்து வரும் எலக்ட்ரானை வாங்கும் தகடு), 4 ஸ்க்ரீன் (இரண்டுக்கும் நடுவிலுள்ள வலை), 8 கேத்தோடு. பிளேட்டிலும் ஸ்க்ரீனிலும் 300ஐ ஒட்டி வோல்டேஜ் இருக்க வேண்டும், கேத்தோடில் 20 வோல்ட் அளவில். ஸ்க்ரீனில் இருந்து பிளேட்டில் மட்டும் பூஜ்யம் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (வால்வுப் பக்கத்துச் சுருள்) அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் ஈயத்தில் பிடிக்கவில்லை. உடனே அணையுங்கள். பிளேட் இல்லாமல் ஓடினால் கரண்ட் எல்லாம் ஸ்க்ரீன் வழியாகப் போய் அதை எரித்துவிடும்.

12ஏஎக்ஸ்7ன் பிளேட்டுகள் 1, 6. இங்கே ஒரு சின்னக் கணக்கு நிறைய வேலையை மிச்சப்படுத்தும். கேத்தோடு ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம், அதன் மேல் 1.2 வோல்ட் இருந்தால் 0.8 மில்லிஆம்பியர் ஓடுகிறது. அதே கரண்ட் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர் வழியாகவும் ஓடுவதால் அங்கே 80 வோல்ட் விழும். மேலே 240 இருந்தால் பிளேட்டில் 160. இந்த மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அந்த வால்வும் அதைச் சுற்றியுள்ள நான்கு பாகமும் உயிரோடு இருக்கின்றன. பிளேட்டிலும் அதே 240 இருந்தால் கரண்டே ஓடவில்லை: ஹீட்டர் இல்லை, அல்லது கேத்தோடு எர்த்துக்குப் போகவில்லை. பிளேட்டில் பூஜ்யம் என்றால் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் திறந்திருக்கிறது, அல்லது அதற்கு எச்.டி. வரவில்லை.

அளக்கும்போதே காதையும் திறந்து வையுங்கள். பிளேட்டில் புரோபை வைத்ததும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வால்யூமைப் பாதிக்கு வைத்துக்கொண்டு, கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள்: 6வி6ன் பிளேட், 12ஏஎக்ஸ்7ன் இரண்டாம் பாதி, முதல் பாதி. முன்னால் வர வர ‘டப்’ பெரிதாக வேண்டும். எந்த இடத்தில் அது காணாமல் போகிறதோ, அந்த இடத்துக்கும் முன்பு தொட்ட இடத்துக்கும் நடுவில் வழி அடைபட்டிருக்கிறது. கடைசி வரை ‘டப்’ வந்தும் கிட்டார் கேட்கவில்லை என்றால் இன்புட் ஜாக்கைப் பாருங்கள். பிளக் இல்லாதபோது முனையை எர்த்தோடு சேர்க்கும் ஸ்விட்ச் தகடு அதில் இருக்கும். ஒயர் தப்பான காலில் போயிருந்தால் பிளக் உள்ளே போன பிறகும் சிக்னல் எர்த்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

உறுமல்

எந்த உறுமல் என்று முதலில் தெரிய வேண்டும். இதற்குக் கிட்டாரே கருவி. மெயின் 50 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபையருக்கு அப்புறம் வரும் அலை அதில் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். உறுமல் கிட்டத்தட்ட அந்தச் சுருதியில், கொஞ்சம் கூர்மையாக ‘ஜ்ஜ்ஜ்’ என்று இருந்தால் 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, உருண்டையாக ‘ம்ம்ம்’ என்றால் 50. மெயின் 60 ஹெர்ட்ஸ் உள்ள ஊர்களில் இரட்டிப்பு 120, ஐந்தாவது கம்பியின் இரண்டாம் ஃபிரெட் பக்கம்.

கூர்மையான உறுமல் பவர் சப்ளையைக் காட்டுகிறது. புது ஆம்ப்பில் ஃபில்டர் கண்டென்சரின் எர்த் முனை பிடிக்காமல் இருப்பது, அல்லது கண்டென்சர்களுக்கு நடுவிலுள்ள 10 கிலோ ஓம், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இடம் மாறிப்போய் ஒரு கண்டென்சர் தனியாக நிற்பது. பழைய ஆம்ப்பில் கண்டென்சர் வற்றியிருக்கும், மாற்றுங்கள். ஆனால் ‘கொஞ்சம் பெரிதாகவே போடுவோம்’ என்று முதல் கண்டென்சரை ஏகத்துக்குப் பெரிதாக்காதீர்கள். போட்ட நேரத்தில் அது இழுக்கும் கரண்ட்டில் 5ஒய்3 உள்ளே பொறி பறக்கும்.

உருண்டையான உறுமலுக்குக் காரணம் நிறைய. வால்யூமைத் திருப்பினால் உறுமலும் கூடிக் குறைகிறதா? அப்படியானால் வால்யூமுக்கு முன்னால், அதாவது முதல் வால்வு, இன்புட் ஜாக், அவற்றுக்கான ஒயர். மாறவில்லை என்றால் பின்னால். அதன் பிறகு 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் உறுமினால் 6வி6ம் டிரான்ஸ்ஃபார்மர்களும் மட்டுமே மிச்சம். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவதுதான் வேலை.

ஹீட்டர் சுருளின் நடு முனை எர்த் ஆகியிருக்கிறதா? நடு முனை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு பக்கமும் 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து எர்த் செய்ய வேண்டும். இதை மறந்தால் வரும் உறுமல் சாதாரணமானதல்ல, அறையே அதிரும். ஹீட்டர் ஒயர் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சாசியின் மூலையை ஒட்டியோ, சாக்கெட்டுக்கு மேலே தூக்கியோ கொண்டுபோங்கள். சிக்னல் வால்வுக்குள் நுழையும் கிரிட் பின்களுக்குப் பக்கத்தில் அவை படுத்துக்கிடக்கக் கூடாது. முறுக்கு அழகுக்காக இல்லை. இரண்டு ஒயரின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழிப்பதற்காக.

எர்த்தில்தான் எல்லாரும் குழம்புவோம். என் பழக்கம் இது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை, முதல் ஃபில்டர் கண்டென்சர், 6வி6ன் கேத்தோடு ரெசிஸ்டர் மூன்றும் ஒரே புள்ளியில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். 12ஏஎக்ஸ்7ன் எர்த்தும் அதற்கான கடைசி ஃபில்டர் கண்டென்சரின் எர்த்தும் சேர்ந்து இன்புட் ஜாக் பக்கம் இன்னொரு புள்ளியில். முதல் கண்டென்சரைச் சார்ஜ் செய்யும் கரண்ட் துடித்துத் துடித்து ஓடுவது. அது முதல் வால்வின் எர்த் ஒயர் வழியாகப் போனால், அந்த ஒயரில் விழும் சில மைக்ரோவோல்ட்டையும் ஆம்ப் சிக்னல் என்று நினைத்துப் பெருக்கித் தரும். மெயின் பச்சை ஒயரின் எர்த் இவற்றோடு கலக்காமல், தனக்கென்று ஒரு போல்ட்டில், சாசியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில்.

எல்லாம் பார்த்தும் போகவில்லை என்றால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றனவா என்று பாருங்கள். இதைச் சாசியில் துளை போடுவதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஹெட்ஃபோனை மாட்டி, பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, முதலாவதை மேசையில் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று செத்துப்போகும். அந்தக் கோணத்தில் திருக வேண்டும்.

வீல் என்று கத்துகிறது

போட்ட முதல் நிமிடமே, வால்யூம் எங்கே இருந்தாலும் கத்தினால் ஃபீட்பேக்கின் திசை தப்பு. சாம்ப்பில் ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் சிக்னல் இரண்டாம் பாதியின் கேத்தோடுக்குத் திரும்பி வருகிறது. அது எதிராக வந்தால் சத்தத்தை அடக்கும், சாதகமாக வந்தால் ஊளைதான். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒயர்களை எந்தப் பக்கம் மாட்டினோம் என்பதைப் பொறுத்து, பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த 22 கிலோ ஓமின் ஒரு காலைக் கழற்றுங்கள். கத்தல் நின்று, சத்தம் கொஞ்சம் பெரிதாகவும் முரட்டுத்தனமாகவும் வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். செகண்டரியின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிவிட்டு ரெசிஸ்டரைத் திரும்ப மாட்டுங்கள். இரண்டு பவர் வால்வு உள்ள புஷ்-புல் ஆம்ப்பில் அவற்றின் பிளேட் ஒயர்களை மாற்றினாலும் போதும். என் முதல் ஆம்ப்பில் இது தெரியாமல் ராத்திரி இரண்டு மணி வரை ஒயர்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியது இரண்டே ஒயர்.

வால்யூமை ஏற்றும்போது மட்டும் கத்தினால் ஒயர் போகும் பாதையில் பிழை. ஒரு காய்ந்த மூங்கில் குச்சியை எடுத்து, ஆம்ப் ஓடும்போதே ஒவ்வொரு ஒயராக மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒரு ஒயரைத் தள்ளும்போது கத்தலின் சுருதி மாறும், இல்லை நின்றுபோகும். பெரும்பாலும் அது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் பிளேட் ஒயராக இருக்கும், அல்லது இன்புட்டிலிருந்து கிரிட்டுக்கு வரும் ஒயராக. ஒன்று கூச்சல் போடுகிறது, மற்றது ஒட்டுக்கேட்கிறது. பிளேட் ஒயரைச் சாசியோடு ஒட்டிப் படுக்க வையுங்கள், கிரிட் ஒயரைக் குட்டையாக்குங்கள். இரண்டும் குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும். இன்புட்டின் 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஜாக்கில் விடாமல் வால்வின் கிரிட் பின்னிலேயே ஈயம் வைத்தால் பாதிப் பிரச்சினை தானாக அடங்கும்.

கத்தாமல் ‘புட் புட் புட்’ என்று மோட்டார் படகு மாதிரி துடித்தால் வேறு கதை. கடைசி வால்வின் கரண்ட் ஆட்டம் எச்.டி. லைன் வழியாக முதல் வால்வுக்குப் போய்ச் சேர்கிறது. நடுவில் நின்று தடுக்க வேண்டிய ஃபில்டர் கண்டென்சர் வேலை செய்யவில்லை. அதன் இரண்டு முனையும் நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிளேட் சிவக்கிறது

6வி6ன் உள்ளே சாம்பல் நிறத் தகடு செந்நிறமாக ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள். யோசனை அப்புறம்.

சாம்ப்பில் பயஸைத் தருவது கேத்தோடில் உள்ள 470 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் 20 வோல்ட் இருந்தால் கிட்டத்தட்ட 42 மில்லிஆம்பியர். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 310 வோல்ட் என்றால் 13 வாட். 6வி6ஜிடிக்கு உச்ச வரம்பு 14 என்று வைத்துக்கொள்ளலாம், ஆகவே சரிதான். கேத்தோடில் பூஜ்யம் இருந்து வால்வு சிவந்தால் பக்கத்திலுள்ள 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஷார்ட், அல்லது அந்தக் கால் சாசியைத் தொடுகிறது. கேத்தோடில் 30, 35 என்று ஏறியிருந்தால் கிரிட்டைப் பாருங்கள், அது பின் 5. அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். சில வோல்ட் பிளஸ் காட்டினால் முந்தைய பிளேட்டிலிருந்து வரும் 0.02 மைக்ரோஃபாரட் கண்டென்சர் கசிகிறது. 220 கிலோ ஓம் ரெசிஸ்டரின் எர்த் முனை விட்டுப்போயிருந்தாலும் கிரிட் அநாதையாகி வால்வு கட்டுமீறும்.

பயஸுக்கென்று தனி மைனஸ் சப்ளை வைத்த ஆம்ப்புகளில் வேலைக்கு முறை உண்டு. பவர் வால்வைச் செருகும் முன்பே அதன் கிரிட் பின்னில் மைனஸ் 30 முதல் 50 வரை வோல்டேஜ் வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். டயோடு தலைகீழ், கண்டென்சரின் பிளஸ் எர்த்துக்குப் போகாதது, இவை இரண்டும் வழக்கமான தப்புகள். பயஸ் ஆம்ப்புக்கு ஆம்ப் வேறுபடும், ஆனால் வால்வின் வரம்பில் 70 சதவீதத்தை ஒட்டி நிறுத்துவது வழக்கம். பெரிய பவர் வால்வுகளில் ஈஎல்34க்கு வரம்பு 25 வாட், 6எல்6ஜிசிக்கு 30.

கரகரப்பு

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழில் அழுக்கு என்று ஸ்ப்ரே அடிப்பார்கள். புதுக் குமிழில் ஏது அழுக்கு? அதன் மேல் முனையில் டிசி வோல்டேஜை அளந்து பாருங்கள். அரை வோல்ட் இருந்தால்கூட முந்தைய கண்டென்சர் கசிகிறது. குமிழ் நிரபராதி.

தொடாமலேயே பொரிந்தால் மூங்கில் குச்சி. போர்டில் ஒவ்வொரு ஈயப் பொட்டையும் தட்டிக்கொண்டே போங்கள். டிரை சோல்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத பொட்டு, உள்ள இடத்தில் தட்டினால் ஸ்பீக்கர் கதறும். ஆனால் பக்கத்தில் தட்டினாலும் அதிர்வு பரவுவதால், எங்கே மெல்லத் தொட்டாலும் சத்தம் வருகிறதோ அந்த இடம்தான் கணக்கு. ஈயத்தை மேலே பூசினால் போதாது. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, பின்னும் ஒயரும் இரண்டுமே சூடாகும்படி முனையை வைத்து, அதன் மேல் புது ஈயத்தை ஓட விடுங்கள்.

வால்வைத் தட்டினால் மணி அடிக்கிற மாதிரி ஒலித்தால் அது மைக்ரோஃபோனிக் வால்வு, அதிர்வையே சிக்னலாக்கிவிடும். பாகத்தையே குற்றம் சொல்லக்கூடிய சில இடங்களில் இது ஒன்று. ஆட்டினால் மட்டும் கரகரத்தால் குற்றம் சாக்கெட்டில். கரண்ட்டைப் பிடுங்கி, கண்டென்சரைக் காலி செய்துவிட்டு, ஊசியால் சாக்கெட்டின் பிடிகளைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் சரியில்லை

மெலிந்து, உயிரில்லாமல், மெல்ல வாசித்தாலும் கிழிந்து வந்தால் ரெசிஸ்டர்களின் நிறத்தை மறுபடி படியுங்கள். 1.5 கிலோ ஓம் என்பது பழுப்பு, பச்சை, சிவப்பு. 15 கிலோ ஓமில் மூன்றாவது கோடு ஆரஞ்சு, 150ல் மஞ்சள். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஐந்து கோடு ரெசிஸ்டரில் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்றே சில நேரம் புரியாது. நிறத்தை விட்டு மீட்டரை நம்புங்கள். ஆம்ப் அணைந்து, கண்டென்சர்கள் காலியான பிறகு சுற்றுக்குள் வைத்தே அளந்தால் ரெசிஸ்டர் தன் மதிப்பைவிடக் குறைவாகக் காட்டலாம், பக்கத்தில் வேறு பாதைகள் இருப்பதால். அதிகமாகக் காட்டினால் அதற்குச் சாக்குப்போக்கு கிடையாது. அது தப்பான ரெசிஸ்டர், இல்லை கெட்ட ரெசிஸ்டர்.

மேல் சுரங்களை உரக்க வாசிக்கும்போது அடியில் இன்னொரு அபசுரம் நிழல் மாதிரி கூடவே வந்தால், ஃபில்டர் கண்டென்சரில் மிச்சமிருக்கும் 100 ஹெர்ட்ஸ் உங்கள் சுரத்தோடு கலக்கிறது. சும்மா இருக்கும்போது உறுமல் அவ்வளவாகத் தெரியாததால் இதைப் பலர் ஸ்பீக்கர் மேல் போட்டுவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, காதுக்கே கேட்காத கத்தல். ஆம்ப் காது எட்டாத சுருதியில் ஊளையிட்டுக்கொண்டிருக்கும், நமக்குக் கேட்பது பலமில்லாத, மணலைக் கொட்டிய மாதிரி ஒரு கிட்டார் சத்தம் மட்டும். ஒரு ஒயருக்குப் பக்கத்தில் குச்சியோ கையோ போனால் தொனி சட்டென்று மாறுவது இதற்கு அடையாளம். வாசிக்காதபோதே கேத்தோடு வோல்டேஜ் வழக்கத்தைவிட ஏறியிருக்கும். மருந்து மேலே சொன்னதுதான், ஒயர் பாதை. அதோடு 6வி6ன் கிரிட் பின்னிலேயே 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

பெட்டிக்குள் மாட்டினால் மட்டும் வருகிற கோளாறு

மேசையில் தேன் மாதிரிப் பாடும், பெட்டிக்குள் திருகினால் கரகரக்கும். சாசி தலைகீழாகத் தொங்குவது, ஸ்பீக்கரின் அதிர்வு, சூடு, மூன்றும் பெட்டிக்குள் போன பிறகுதான் சேரும். பெட்டியில் மாட்டியபடியே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், கோளாறு வந்ததும் அணைத்து, கண்டென்சரைக் காலி செய்து, சூடு ஆறுவதற்குள் வெளியே எடுத்துத் தேடுங்கள். ஆறிவிட்டால் ஒளிந்துகொள்ளும். ஒரு ஆம்ப்பை நான் இப்படி நான்கு தடவை கழற்றி மாட்டினேன், வோல்டேஜ் எல்லாம் கச்சிதம், குச்சிக்கும் ஒன்றும் சிக்கவில்லை. ஐந்தாம் தடவை சாசியைத் திருப்பும்போது உள்ளே ‘டிக்’ என்று ஏதோ உருண்டது. கட்டும்போது வெட்டிப் போட்ட ஒரு ரெசிஸ்டர் கால், அரை விரல் நீளம், போர்டுக்கு அடியில்.